முற்றத்துப் பள்ளியும் தனிக்கவனம் வேண்டும் குழந்தைகளும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பள்ளிக்குச் செல்லும் வயதை இன்னும் எட்டாத சிறு குழந்தைகளையும், அவர்களை நாள்தோறும் பேணும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் பற்றியது. கல்லூரியில் வேதியியலோ வரலாறோ பயிலும் உங்களுக்கு இது தொலைவான பொருளாகத் தோன்றலாம். ஆனால் உங்களில் பலர் முதன்முதலில் வீட்டை விட்டு வெளியே அமர்ந்து, தட்டேந்தி உண்டு, பிறர் பிள்ளையோடு சண்டையிட்டுச் சமாதானமான இடம் அங்கன்வாடிதான். நாஞ்சில் நாட்டில் எந்த ஊருக்குச் சென்றாலும், கோயில் தெருவிலோ, குருசடிக்கு அருகிலோ, தென்னந்தோப்பின் ஓரத்திலோ அப்படி ஒரு கட்டடத்தைக் காணலாம். முதியோர் அதனை இன்னும் 'பாலவாடி' என்றே சொல்லுவர்.

'அங்கன்' என்றால் முற்றம். மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக் என்னும் கல்வியாளர் 1945-இல் போர்டி என்னும் சிற்றூரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று கருதிய அவர், அவர்கள் வாழ்ந்த குடியிருப்பின் முற்றத்திலேயே பள்ளியை நடத்தினார். அந்த முற்றத்துப் பள்ளியின் பெயரே பின்னர் நாடு முழுவதும் பரவிற்று. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. இன்று இந்தியா முழுவதும் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. பிள்ளை வராவிட்டால் பள்ளி போகட்டும் என்ற அந்த எண்ணத்தை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்குத் திரும்பி வருவேன்.

நான் பல ஆண்டுகளாக இப்பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்களுள் ஒருவன். அந்தக் காலத்தில் நான் கற்றுக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டது மிகுதி. கற்றுக்கொண்டவற்றுள் பெரியது என் பிழையால் வந்தது. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு மையத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மூன்று வயது நிரம்பப் போகும் ஒரு பெண்குழந்தை சுவரோரம் அமர்ந்திருந்தாள். பேசவில்லை. "விவரம் பத்தாத பிள்ளை சார்" என்றார் பணியாளர். அழைத்துப் போக வந்த பாட்டியோ, "இவளுக்க அப்பனும் நாலு வயசு வரைக்கும் மிண்டலை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வேகம் உண்டு, ஓராண்டு பொறுத்துப் பாருங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். பணியாளருக்கு நான் பயிற்சியாளன். ஆகவே என் சொல் அவருக்கு முடிந்த முடிவாயிற்று. ஓராண்டு என்பது ஈராண்டாயிற்று. பள்ளியில் சேர்க்கச் சென்றபோது அங்கிருந்த ஆசிரியை ஒருவர் ஐயுற்று அனுப்பிய பின்னரே, அக்குழந்தைக்கு இரு செவியிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்று தெரியவந்தது. அவள் அறிவு எப்போதும் கூர்மையாகவே இருந்தது. உணவுக்கு அழைக்கும் குரல் கேட்டு அவள் எழவில்லை. மற்றப் பிள்ளைகள் தட்டை எடுப்பதைக் கண்டு எழுந்தாள். அன்று அதனை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் காணாமற் போனேன்.

அந்த ஈராண்டு ஏன் அவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த நாள்தொட்டு மூளையின் கேட்கும் பகுதி ஒலியை உண்டே வளர்கிறது. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் அதற்கு ஒலி கிட்டாவிடின், அப்பகுதி வேறு வேலைக்குத் திரும்பிவிடுகிறது. பின்னர்ச் செவிக்கருவி பொருத்தினாலும், ஒலி மூளையைச் சேருமேயன்றிச் சொல்லாக மலர்வது அரிதாகிறது. சைகை மொழியாயினும் இதே விதிதான். மொழி எதுவாயினும் அது முதல் ஆண்டுகளில் குழந்தைக்குக் கிடைத்தாக வேண்டும். இதனால்தான் சென்னையில் 1969-இல் தொடங்கப்பெற்ற பால வித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே செவிக்குறையுள்ள பிள்ளைகளைத் தாயோடு சேர்த்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி அளிக்கும் முறையைக் கைக்கொண்டது. அதற்குரிய ஆசிரியைகளையும் அதுவே பயிற்றுவிக்கிறது. நம் எல்லைக்கு அப்பால், திருவனந்தபுரத்தில் 1997-இல் தொடங்கிய தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் இவ்வழியில் தொண்டாற்றி வருகிறது.

திருவனந்தபுரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் முதல் நாள் வரை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தைச் சார்ந்திருந்தன. எல்லை மாறிய பின்னும் நம் மக்கள் பெருநோய் என்றால் திருவனந்தபுரத்துக்குப் பேருந்து ஏறும் வழக்கத்தை விடவில்லை. அவ்வூர் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம். கே. சி. நாயரும் அவர்தம் குழுவினரும் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட ஒரு பட்டியல், நம் பணியாளர்களுக்கும் நல்ல கருவியாக உதவுகிறது. 'திருவனந்தபுரம் வளர்ச்சிக் கண்டறி பட்டியல்' என்று அதனைக் கூறலாம். அதில் இருப்பவை 17 செயல்களே. முகம் பார்த்துச் சிரித்தல், எழுதுகோலைக் கண்ணால் பின்தொடர்தல், தலை நிற்றல், குப்புற விழுதல், ஓசை வந்த பக்கம் திரும்புதல், பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுதல் என்று தொடங்கி, பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக் காட்டுதல் வரை செல்கிறது. ஒவ்வொரு செயலும் எந்த மாதத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஒரு கோடாக வரையப்பெற்றிருக்கும். குழந்தையின் வயதுக்கு நேரே ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். அளவுகோலுக்கு இடப்புறம் முடிந்துவிட்ட கோடுகளில் ஏதேனும் ஒன்றைக் குழந்தை செய்யவில்லையாயின், மேலும் ஆராய வேண்டிய குழந்தை என்று பொருள். இதற்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். வேண்டிய கருவிகள் ஓர் எழுதுகோலும் ஒரு சாவிக்கொத்தும்!

விலையுயர்ந்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு வரும் சோதனைகளை நான் பல கண்டிருக்கிறேன். அவை ஓராண்டுக்குள் பூட்டிய அலமாரிக்குள் அடங்கிவிடும். சாவிக்கொத்தோ எந்நாளும் பணியாளரின் இடுப்பில் இருக்கிறது. பட்டியல் இரண்டு வயது வரைக்கும் உரியது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு, ஆறு வயது வரைக்கும், அதே மையத்தார் வேறு பட்டியல்களும் செய்துள்ளனர். ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. சாவிக்கொத்தை ஆட்டும்போது குழந்தை திரும்பினால், செவி முற்றிலும் நலம் என்று முடிவு கட்டிவிடலாகாது. நிழல் அசைவதைக் கண்டு திரும்பியிருக்கலாம். உயர்ந்த ஒலியைக் கேட்டும் பேச்சொலியைக் கேளாமல் இருக்கலாம். பட்டியல் செய்வது சல்லடையின் வேலை. நோயை அறுதியிட்டுச் சொல்வது மருத்துவரின் வேலை. இந்த இரண்டையும் கலந்துவிடாமல் இருக்கப் பழகுவதே பயிற்சியின் முதற்பாடம்.

இனிப் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். நம் நாட்டில் பயிற்சி என்பது பெரும்பாலும் மேலிருந்து கீழ் இறங்கும். தலைநகரில் சிலருக்குக் கற்பிப்பர். அவர்கள் மாவட்டத்தில் சிலருக்குக் கற்பிப்பர். அவர்கள் வட்டாரத்தில் உள்ளவர்களுக்குக் கற்பிப்பர். நாஞ்சில் நாட்டு உழவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையில் நீர் திறந்தால், தலைமதகில் பெருகி ஓடும். கடைமடை வயலுக்கு வரும்போது கால் நனையும் அளவே மிஞ்சும். பயிற்சிக்கும் அதே கதிதான். தலைநகரில் ஐந்து நாள் பேசியது, மாவட்டத்தில் இரண்டு நாளாகி, வட்டாரத்தில் ஒரு பிற்பகலாகி, அந்தப் பிற்பகலிலும் பதிவேடுகளைப் பற்றிய அறிவிப்புகளுக்கு இடம் போக எஞ்சியது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். உழவன் கடைமடைக்கு முறைவைத்து நீர் விடச் சொல்லிப் போராடுகிறான். பணியாளருக்காகப் போராடுவார் யார்?

ஆதலால், விரிவுரை மண்டபத்துப் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு நாள் மண்டபத்தில் பேசினால், பின்னர் மூன்று முறையாவது அந்தந்த மையத்துக்கே சென்று, பணியாளரோடு தரையில் அமர்ந்து, அவர் கையில் உள்ள குழந்தையை வைத்துக்கொண்டே பேச வேண்டும். தாராபாயின் முற்றம் குழந்தைக்கு மட்டும் உரியதன்று, ஆசிரியைக்கும் உரியது என்பது என் கருத்து.

மண்டபத்தில் கழியும் அந்த ஒரு நாளில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். நோய்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைக் குறிக்கிறது. அதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை 7. இருபத்தொன்றையும் ஒப்புவிக்கச் செய்வதால் ஒரு குழந்தையும் பயனடைவதில்லை. அதற்கு மாறாக, ஒவ்வொருவரும் தம் மையத்தில் தமக்குக் கவலை தரும் ஒரு குழந்தையைப் பற்றிப் பத்து வரி எழுதுமாறு சொல்வேன். எழுதுவார்கள். 'மந்தமானவன்', 'அடம் பிடிப்பவள்', 'சேட்டைக்காரன்', 'ஒன்றும் தெரியாதவள்' என்று வரும். பிறகு ஒரு நிபந்தனை விதிப்பேன். கண்ணால் கண்டது, காதால் கேட்டது தவிர வேறு ஒரு சொல்லும் இருக்கலாகாது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும்.

மண்டபம் சற்று நேரம் அமைதியாகிவிடும். பின்னர் வருபவை வேறு வகை வாக்கியங்கள். 'பெயர் சொல்லி அழைத்தால் மூன்று முறைக்கு ஒரு முறையே திரும்புகிறான்.' 'படப்புத்தகத்தை மூக்கின் அருகே கொண்டு போகிறாள்.' 'கஞ்சித் தட்டை எப்போதும் இடக்கையாலேயே பிடிக்கிறான். வலக்கையை மடக்கியே வைத்திருக்கிறான்.' 'மற்றப் பிள்ளைகள் பாடும்போது காதைப் பொத்திக்கொள்கிறாள். பாட்டு நின்றதும் தானே பாடுகிறாள்.' பாருங்கள், 'மந்தம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் எதுவும் செய்ய இயலாது. 'மூன்று முறைக்கு ஒரு முறை' என்பதை வைத்துக்கொண்டு செய்ய நிறைய உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடற்கரை ஊரில் 'தட்டைக் கண்டு எழுகிறாள், குரலுக்கு எழவில்லை' என்று ஒரு வரி நானும் எழுதியிருந்தால்! அன்று என் கையில் குறிப்பேடு இருந்தது. அதில் கட்டடத்தின் ஓடு உடைந்திருப்பதைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

இதைவிடக் கடினமானது பெற்றோரிடம் சொல்வது. குறையுள்ள குழந்தை பிறந்தால் தாயைப் பழிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதைத் தின்றாள், இதைப் பார்த்தாள் என்று ஊர் ஆயிரம் சொல்லும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டில் அதுவே முதலிடம். எழுத்தறிவு ஏறிய வேகத்தில் இந்தப் பேச்சு இறங்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் பணியாளர் போய், உங்கள் பிள்ளைக்கு இன்ன நோய் என்று சொன்னால், மறுநாள் முதல் அப்பிள்ளை அங்கன்வாடிக்கு வராது. ஆதலால் பயிற்சியில் இதனை நாடகமாகவே நடத்திப் பார்க்கிறோம். ஒருவர் தாய், ஒருவர் பாட்டி, ஒருவர் பணியாளர். பாட்டி வேடம் ஏற்பவர்கள் அன்று வெளுத்து வாங்கிவிடுவார்கள். குழந்தை செய்யக்கூடியதை முதலில் சொல்ல வேண்டும். பின்பு தாம் கண்டதைக் கண்டவாறே சொல்ல வேண்டும். நோயின் பெயரை வாயால் உச்சரிக்கலாகாது. கடைசியில், எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கிழமை, யார் உடன் வருவார் என்பதைச் சொல்லாமல் எழுந்து வரலாகாது. 'எங்கேயாவது காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டு வருவது ஒன்றும் சொல்லாமல் வருவதற்குச் சமம்.

எங்கே காட்டுவது என்பதற்கு இன்று ஒரு வழி உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே வந்து, பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கின்றன. மேற்கொண்டு ஆராய வேண்டிய குழந்தைகளை மாவட்ட அளவில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புவது முறை. 2023 நவம்பர் 28-ஆம் நாள், மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் வளர்ச்சி அமைச்சகம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை என்ற ஒன்றை வெளியிட்டது. வளர்ச்சித் தாமதத்தின் அறிகுறிகளைப் பணியாளர் கண்டறிதல், குழந்தையை ஊர் நிகழ்ச்சிகளிலும் விளையாட்டிலும் சேர்த்துக் குடும்பத்துக்குத் துணை நிற்றல், செவிலியர் வாயிலாகவும் மருத்துவக் குழு வாயிலாகவும் உரிய இடத்துக்கு அனுப்புதல் என மூன்று படிகளை அது வகுக்கிறது. நல்ல ஆவணம். ஆனால் எடை பார்ப்பவரும், உணவுக் கணக்கு எழுதுபவரும், கைப்பேசியில் நாள்தோறும் விவரம் ஏற்றுபவரும், பாட்டுச் சொல்லிக் கொடுப்பவரும் ஒரே ஆள் என்பதை ஆவணங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன.

ஒரே ஆள் என்றேன். தவறு. இன்னொருவர் இருக்கிறார், உதவியாளர். அவர்தாம் சமைப்பவர், பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்து வருபவர், முகம் கழுவிவிடுபவர், ஊட்டுபவர். பயிற்சிக்கு அழைக்கும்போது அவரை மறந்துவிடுவதே வழக்கம். இது பெரும் பிழை என்பதை உணவு நேரத்தில் ஒரு மையத்தில் இருந்து பார்த்தால் அறியலாம். மூளைமுடக்குவாதம் உள்ள குழந்தையைப் பலர் மடியில் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயில் ஊற்றுவர். அன்பினால்தான் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் தலை பின்சாய்ந்த நிலையில் உணவு மூச்சுக்குழாயில் இறங்கும் இடர் மிகுதி. அடிக்கடி சளியும் காய்ச்சலும் கண்டு அக்குழந்தை மெலிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை சற்றே முன்தாழ, கால்கள் தொங்காமல் ஒரு பலகையில் ஊன்றியிருக்க, எதிரே அதன் கண் மட்டத்தில் அமர்ந்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பின் மறு வாய் கொடுக்க வேண்டும். இதனை அறிய வேண்டியவர் பதிவேடு எழுதுபவர் அல்லர், கரண்டி பிடிப்பவர். அப்படி நிமிர்ந்து உட்கார முடியாத குழந்தைக்கு, இரு சுவர் சேரும் மூலையே நல்ல நாற்காலி. மணல் நிரப்பித் தைத்த சாக்குச் சுருளை இரு பக்கமும் வைத்தால் போதும். தச்சர் ஒருவரிடம் சொன்னால் அந்த மூலையைப் பலகையால் செய்து கொடுப்பார், வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் செல்லலாம்.

விளையாட்டுப் பொருளுக்கும் கடைக்குப் போக வேண்டுவதில்லை. பார்வை மங்கிய குழந்தைக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது. நிறத் தட்டு மாற்றினால் தானே எடுத்து உண்ணும். செவி மங்கிய குழந்தையை ஒளி பணியாளரின் முகத்தில் விழும்படி எதிரே அமர்த்த வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டிப் பேசினால் உதடு இருண்டுவிடும். திடீர் மாற்றத்தைத் தாங்காத குழந்தைக்கு, அடுத்து வருவது உணவு என்பதை முன்கூட்டியே ஒரு தட்டைக் காட்டிச் சொன்னால் அழுகை பாதியாகக் குறையும். தேங்காய்ச் சிரட்டைகளை அளவு வாரியாக அடுக்குதல் நல்ல கைப்பயிற்சி. ஆனால் புளியங்கொட்டையை மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அப்பால் திரும்பாதீர்கள். அது மூக்கினுள் போய்விட்டால், பின்பு நடப்பதைச் சமாளிக்க எந்தப் பயிற்சியும் போதாது!

இவையெல்லாம் குறையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் உரிய தனி வித்தைகள் என்று எண்ண வேண்டாம். மாணவர்களாகிய நீங்கள் இங்கு ஒரு வரலாற்றை அறிதல் நன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் இன்று எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய கல்வி முறைக்காகப் புகழ் பெற்றவர். ஆனால் அவர் தொடங்கிய இடம் வேறு. 1900-ஆம் ஆண்டு உரோமாபுரியில், மனவளர்ச்சி குன்றியோர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்காகவும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்காகவும் அமைந்த பள்ளியிலேயே மருத்துவரான அவர் பணியாற்றினார். அவருக்கு முன்பே இத்தார், செகுவேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் வகுத்திருந்த முறைகளை அவர் தேடிக் கற்றார். தொட்டும், அடுக்கியும், உருட்டியும் கற்கும் பொருள்கள் அங்கே பிறந்தன. அப்பிள்ளைகளிற் சிலர் மற்றவர்களுக்குரிய தேர்விலேயே தேறியபோது ஊரார் வியந்தனர். அம்மையாரோ, நலமாக உள்ள பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவாகக் கற்கின்றனர் என்று எண்ணத் தொடங்கினார். 1907 ஜனவரி 6-இல் திறந்த குழந்தைகள் இல்லம் அந்த எண்ணத்தின் விளைவு. 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். போர் காரணமாகச் சில ஆண்டுகள் கோடைக்கானலிலும் தங்கினார். ஆகவே, நகரத்துச் செல்வப் பிள்ளைகள் இன்று மரக்கட்டைகளை அடுக்கி மகிழும் அந்த விளையாட்டு, ஒரு காலத்தில் யாராலும் கற்பிக்க இயலாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் நமக்குத் தந்த கொடை.

நமக்கு அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், 1981-இல், எஸ். இராமகிருஷ்ணன் என்பவர் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது கழுத்தெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். அந்நிறுவனம் கண்ட ஒரு வழி என் கருத்தைக் கவர்ந்தது. சிற்றூர்களில் வாழும் பெண்களையே தேர்ந்து பயிற்றுவித்து, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்புகின்றனர். அப்பெண்கள் தாய்க்குப் பயிற்சிகளைக் கற்பிக்கின்றனர். ஐயம் வந்தால் கைப்பேசிச் செயலி வழியாக வல்லுநரின் துணையைப் பெறுகின்றனர். ஒரு நாள் பயிற்சியில் முடிந்துவிடாமல், கற்றவருக்குப் பின்னே ஒருவர் எந்நாளும் நிற்கிறார் என்பதே இதன் சிறப்பு. கடைமடைக்குத் தனிக்கால் வெட்டியது போன்றது அது. சென்னையில் உள்ள மதுரம் நாராயணன் மையமும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகத் தாயையே ஆசிரியையாக்கும் முறையைக் கையாள்கிறது.

இதில் சட்டத்தின் நிலை என்ன என்று சட்டம் பயில்வோர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைகள் அனைவரையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்துப் பார்க்க அரசைப் பணிக்கிறது. கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமையை 6 முதல் 18 வயது வரை அளிக்கிறது. ஆறு வயதில் உரிமை தொடங்குகிறது. ஆனால் மூளை ஆறு வயது வரை காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியில் குழந்தைக்குக் கிட்டுவது, பெரும்பாலும், முற்றத்தில் இருக்கும் அந்த இரு பெண்களின் கைகளே.

சென்ற ஆண்டு மலையடிவாரத்து மையம் ஒன்றில் மூன்றாம் முறையாகச் சென்று அமர்ந்திருந்தேன். இரப்பர்த் தோட்டத்தின் நடுவே உள்ள ஊர். மழை கொட்டிக்கொண்டிருந்தது, நம் மாவட்டத்துக்குத்தான் இரண்டு பருவ மழையும் உரியதாயிற்றே. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், மூலைப் பலகையில் நிமிர்ந்து அமர்ந்து, தானே கரண்டி பிடித்து உண்டுகொண்டிருந்தான். பாதி தரையில் சிந்திற்று. உதவியாளர் அம்மாள் துடைத்தாரேயன்றி ஊட்டவில்லை. "மெதுவாத் தின்னு மக்கா" என்று மட்டும் சொன்னார். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதனை அவரிடம் சொன்னேன். அவர் மகிழவில்லை.

"சார், நாங்க படிச்சாச்சு. சூன் மாசம் இவன் ஒண்ணாம் வகுப்புக்குப் போவான். அங்கேயுள்ள டீச்சருக்கு யாரு சொல்லிக் குடுப்பா?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. அவரோ விடைக்குக் காத்திருக்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். பள்ளி திறந்த அன்று, பணியாளர் அந்த மூலைப் பலகையைத் தலையில் சுமக்க, உதவியாளர் சிறுவனை இடுப்பில் வைத்துக்கொள்ள, இருவரும் மழையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறார்கள். முதல் வகுப்பு ஆசிரியை பலகையை எங்கே வைப்பது என்று கேட்டாராம். "உங்க முகம் தெரியுத இடத்தில" என்று உதவியாளர் சொல்லி, தாமே சன்னலுக்கு எதிர்ப்புறமாக இழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வர, விரைந்து திரும்பிவிட்டாராம்.